மேல்நோக்கி வழிந்த சிவப்பு

"சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேண்ணா" என்றாள் தங்கை, போனில். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்கிற அதே குரல்.

கையெழுத்து எதற்கு என்கிறீர்களா? தன் புருஷன் செத்தது தன்னால்தான் என்பதற்கு. இன்ஸ்பெக்டர் நாகரிகமான மனிதர். 'முறையான பயிற்சியின்றி வாகனத்தின் பிரேக் டிஸ்க்குகளை வீட்டிலேயே மாற்றியதில் நேர்ந்த பிழை' என்று பக்குவமாகத்தான் எழுதி வைத்திருந்தார். எப்படி எழுதினால் என்ன, சாரம் அதுதான்.

"போட்டுத் தொலைக்காதே. நானும் மேடமும் வர்ற வரைக்கும் பேனாவையே தொடாதே" என்றான் அண்ணன்.

"போடலேன்னா மட்டும் அவர் எழுந்து வரப்போறாரா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அந்த அண்ணனுக்கு ஊரில் 'ஹாரன்' என்று பெயர். டாக்ஸி ஓட்டிய காலத்தில் வண்டியின் ஹாரனைவிட அவன் வாய்தான் அதிகம் ஒலித்தது என்று சக டிரைவர்கள் சூட்டிய பட்டம். இப்போது ஸ்டெனோ மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். ஸ்டெனோ மேடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான சாட்சிகள் சொன்ன பொய்களைக் கை வலிக்க எழுதி எழுதி, பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பேச்சு குறைவு. அந்தக் குறையை ஹாரன் வட்டியோடு நிறைத்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை போனதிலிருந்து ஹாரன் அழவில்லை. தங்கையும் அழவில்லை. அவள் கல்லாகிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஹாரனைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை, ஏனென்றால் அவன் வாய் வழக்கம்போல் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தது. வாய்க்கும் மனசுக்கும் நடுவில் ஏதோ கழன்று போயிருந்தது. என்ன சொன்னாலும் யாரோ சொல்வது போல அவனுக்கே கேட்டது. சோறு தின்றான், தூங்கினான், அலுவலகம் போனான். எதிலும் ருசி இல்லை.

"கிளம்பு. முதல்ல வண்டியைப் பார்க்கலாம்" என்றார் மேடம்.

காவல் நிலையத்துக்குப் பின்னால் விபத்து வண்டிகளைப் போட்டு வைக்கிற மைதானம். காவலாளி ஒரு பழைய பஸ் சீட்டில் சாய்ந்திருந்தார். கடைசி வரிசையில் மாப்பிள்ளையின் கார். பழசு. பழசு என்றால் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற அளவுக்குப் பழசு. இறக்கத்தில் வந்து மேம்பாலத் தூணில் மோதியதில் முகப்பின் நடுப்பகுதி உள்ளே போய்விட்டது. இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றி, அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பரிசோதனைக்கு வந்தவர் கழற்றியது. 'பிரேக் பெடல் முழுவதும் உள்ளே போகிறது. காரணம், தேர்ச்சியற்ற வீட்டு வேலை' என்று இரண்டே வரியில் ஆளை முடித்துவிட்டுப் போயிருந்தார்.

"எனக்கு சைக்கிள் பிரேக்கே புரியாது. நீ சொல்லு" என்றார் மேடம்.

"இதோ இந்த வட்டத் தட்டு இருக்கே, இதுதான் டிஸ்க். சக்கரத்தோட சேர்ந்து சுத்தும். அது மேல ஒரு கை கவ்விப் பிடிச்ச மாதிரி இருக்கே, அது காலிப்பர். பெடலை மிதிச்சா பிரேக் ஆயில் ஓடி வந்து அதை அழுத்தும். அது தட்டைக் கவ்வும். வண்டி நிக்கும். என் பெண்டாட்டி சட்டைக் காலரைப் பிடிச்சா நான் நிக்கிறேன்ல, அதே டெக்னிக்."

"உன் பெண்டாட்டிக்குப் பிரேக் பிடிச்சிருக்கு. இதுக்கு ஏன் பிடிக்கலை?"

ஹாரன் குந்தி உட்கார்ந்தான். டிஸ்க் இரண்டும் புத்தம் புதுசு. காலிப்பர் மேலே சேறும் தூசியும் அப்பியிருந்தது. விரலால் துடைத்தான். உள்ளே பளீரென்று சிவப்பு.

"பாருங்க மேடம். என் தங்கச்சி பிரேக்குக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கா."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் துடைத்தான். அடுத்த நொடி அவன் கை அப்படியே நின்றது. எழுந்து சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அங்கேயும் துடைத்துப் பார்த்தான். இரண்டு பக்கத்துத் திருகுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒவ்வொரு காலிப்பரிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஆயிலுக்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தத் திருகைத் தளர்த்தித்தான் வெளியேற்ற வேண்டும். காற்று எப்போதும் மேலே போய் நிற்கும் என்பதால் திருகும் மேல்பக்கம்தான் இருக்கும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் திருகு கீழே இருந்தது. அப்படி இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. இடது பக்கக் காலிப்பரை வலதிலும், வலது பக்கத்தை இடதிலும் மாட்டியிருக்க வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, கச்சிதமாகப் பொருந்தவும் பொருந்தும். ஆனால் திருகு வழியாக எவ்வளவு ஆயில் வடித்தாலும் மேலே ஒளிந்திருக்கிற காற்று வெளியே வராது. பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். சமதளத்தில் எப்படியோ சமாளிக்கும். இறக்கத்தில் கைவிரித்துவிடும்.

ஆக, பரிசோதகர் எழுதியது சரி. வண்டியில் யாரும் சதி செய்யவில்லை. மாட்டியவள் மாற்றி மாட்டிவிட்டாள்.

இதை மேடத்திடம் சொல்வதா? தங்கையைக் காப்பாற்றக் கூட்டி வந்தவனே அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதா? ஹாரன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் விசேஷம் இல்லை மேடம்" என்றான்.

மேடம் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஹாரன், நான் வீட்டு ஜன்னலுக்கு எத்தனையோ தடவை பெயிண்ட் அடிச்சிருக்கேன். பெயிண்ட் கீழேதானே வழியும்?"

"பின்னே? ஏணி வச்சு மேலேயா ஏறும்?"

"இங்கே ஏறியிருக்கே."

ஹாரன் பார்த்தான். சிவப்பு நிறம் கண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. சொட்டுகளின் குண்டு முனை எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. மறுபக்கமும் அப்படியே.

"தலைகீழாத் தொங்கவிட்டு அடிச்சிருக்காங்க. வண்டியிலேர்ந்து கழட்டி எடுத்து, ரெண்டையும் எங்கேயோ மாட்டிக் காயவச்சிருக்காங்க" என்றார் மேடம். "உன் தங்கச்சி வீட்டுக்குப் போலாம். அவகிட்ட பெயிண்ட்டைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, உன் சம்பளத்துல கை வைப்பேன்."

"சம்பளத்துல கை வைக்கிற அளவுக்கு அதுல இடம் இல்லை மேடம்" என்றது வாய். மனசு எங்கேயோ கிடந்தது.

தங்கை ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். பாட்டிலை எடுக்கும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை லேபிளைப் படிக்கிற ரகம். வீட்டில் ஃபேன், மிக்ஸி, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவள்தான் பழுது பார்ப்பாள். மாப்பிள்ளைக்கு பல்பு மாற்றவே இரண்டு ஆள் துணை வேண்டும். "எனக்கு ரெண்டு கையும் இடது கை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மாடி வீடு. கீழே கார் நிற்கிற இடம் காலியாக, ஆயில் கறை மட்டும் கிடந்தது. மேலே கூடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். துவைத்த துணிகள் மடிக்காமல் குவிந்து கிடந்தன. உட்காரச் சொல்லவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வண்டியைப் போய்ப் பார்த்தியாம்மா?" என்று ஆரம்பித்தார் மேடம்.

"இல்லை. பார்க்கத் தோணலை."

"என்ன வேலை செஞ்சேன்னு சொல்றியா?"

"எத்தனை பேர்கிட்ட சொல்றது? பழைய டிஸ்க் தேஞ்சு விளிம்பு கட்டியிருந்தது. பிரேக் போட்டா ஸ்டீயரிங் நடுங்கும். சனிக்கிழமை மாத்தினேன். வீடியோ பார்த்துத்தான். காலிப்பரைக் கழட்டினேன், பழைய தட்டு துரு பிடிச்சு வரமாட்டேன்னுது, மரச் சுத்தியலால தட்டித் தட்டி எடுத்தேன். புதுசுல எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதைச் சுத்தமாத் துடைச்சேன். தட்டைக் கவ்வுற புது பேட் போட்டேன். அவர் பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிச்சார். பாதி நேரம் என் கண்ணுலதான் அடிச்சார்."

கடைசி வாக்கியத்தையும் அதே சமமான குரலில்தான் சொன்னாள்.

"காலிப்பருக்கு வர்ற ஆயில் பைப்பைக் கழட்டினியா?"

"எதுக்குக் கழட்டணும்? பைப்போடயே கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். கழட்டினா காத்து புகுந்துடும்."

ஹாரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பைப்பைக் கழற்றாமல் இடதை வலதுக்குக் கொண்டுபோக முடியாது.

"சொல்றது சரிதான். இன்ஸ்பெக்டர் நம்பணுமே" என்றார் மேடம். "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கழட்டி வச்சிருந்தியா?"

"ஒரு பக்கம் முழுசா முடிச்சு, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிட்டுத்தான் மறு பக்கம் தூக்கினேன். ஒரு பக்கம் அப்படியே இருந்தாத்தானே அதைப் பார்த்து மாட்ட முடியும்? அது போக, எங்கிட்ட இருக்கறதே ஒரு ஸ்டாண்ட்தான்."

வண்டியை ஜாக்கியால் தூக்கியபின் அது நழுவாமல் இருக்க அடியில் கொடுப்பது ஸ்டாண்ட், முக்காலி போல ஓர் இரும்புக் கால். முன்பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்ற இரண்டு ஸ்டாண்ட் வேண்டும்.

"அதை ஜோடியாத்தானே விப்பாங்க? ஒத்தைச் செருப்பு மாதிரி ஒண்ணை மட்டும் எவன் குடுத்தான்?" என்றான் ஹாரன்.

"ஜோடிதான். இன்னொண்ணு பாப்பா கட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருக்கு."

மேடம் எழுந்து உள்ளறைக்குப் போனார். மகளின் கட்டிலுக்கு ஒரு கால் உடைந்து, அந்த மூலையை இரும்பு ஸ்டாண்ட் தாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டின் மண்டையிலிருந்து கட்டில் சட்டம் வரைக்கும் பாப்பா நட்சத்திர ஸ்டிக்கர்களாக ஒட்டித் தள்ளியிருந்தாள். பாதி நட்சத்திரம் இரும்பிலும், பாதி மரத்திலும். ஓரங்கள் எல்லாம் தூசி பிடித்துக் கறுத்திருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை.

"இது எப்போ ஒட்டினது?"

"போன பிறந்தநாளுக்கு. அப்புறம் அந்தக் கடைல அந்த ஸ்டிக்கரே வரலைன்னு அழுதா."

மேடம் முதன்முறையாக, ஹாரனைப் பார்த்துச் சிரித்தார். "கோர்ட்டுல அரக்கு வச்சு சீல் வைப்பாங்க. உன் மருமக நட்சத்திரம் வச்சு வச்சிருக்கா. இந்த ஸ்டாண்ட் இங்கேருந்து நகரவே இல்லை. ஒரே ஒரு ஸ்டாண்டை வச்சு ரெண்டு காலிப்பரையும் ஒண்ணாக் கழட்ட முடியாதுன்னா, இடம் மாத்தவும் முடியாது."

ஹாரன் திடுக்கிட்டுத் திரும்பினான். "மேடம், இடம் மாறியிருக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"ஜோக்கை நிறுத்திட்டு எழுந்து அந்தப் பக்கம் ஓடினே பாரு, அப்பவே சொல்லிட்டே. இந்தத் திருகையும் அந்தத் திருகையும் நீ மாறி மாறிப் பார்த்தே. எதுக்குன்னு ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற மெக்கானிக்கைக் கேட்டேன். நீ டீ குடிக்கப் போயிருந்தப்போ."

தங்கை இருவரையும் பார்த்தாள். "என்ன மாறியிருக்கு?"

"சாயங்காலம் சொல்றேன்மா. சனிக்கிழமைக்கு அப்புறம் வண்டி யார் கையில இருந்தது?"

"ஞாயித்துக்கிழமை நானே ஓட்டினேன். மூணு பேரும் போனோம். சிக்னல்ல பட்டுனு நின்னுச்சு. திங்கக்கிழமை அவர் எடுத்துட்டுப் போனார். வர நேரமாச்சு. செவ்வாய்க்கிழமை காலையில..." அவள் நிறுத்திக்கொண்டாள். துணி ஒன்றை எடுத்து மடித்தாள்.

படி இறங்கும்போது ஹாரன் கேட்டான். "திங்கக்கிழமை எங்கே போயிருப்பார் மாப்பிள்ளை?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கழட்ட வசதியா, குழி வெட்டின ஒர்க்‌ஷாப் இருக்கிற இடத்துக்கு. அல்லது ரெண்டு ஸ்டாண்ட் இருக்கிற இடத்துக்கு. அங்கே சிவப்புப் பெயிண்ட்டும் இருக்கணும். உன் சொந்தத்துல அப்படி யாரு?"

ஹாரனுக்குச் சட்டென்று மண்டையில் உறைத்தது. மாப்பிள்ளையின் அண்ணன். தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர். அவர் கடையில் சரிசெய்து வெளியே போகிற ஒவ்வொரு பம்பும் சிவப்பு.

தம்பி இறந்ததிலிருந்து அந்தப் பம்புக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டுல பொம்பளை ஸ்பேனர் பிடிச்சா இப்படித்தான்" என்று உறவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். துக்கம் என்று ஹாரன் நினைத்திருந்தான்.

பம்புக்கடை ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி, அதன் மேல் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் கொக்கிகள். சுவரோரம் ஒரு ஜோடி ஸ்டாண்ட். கொக்கிகளில் பம்பு மூடிகள் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழ்நுனியிலும் ஒரு சிவப்புச் சொட்டு.

பம்புக்காரர் இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த பிரஷ்ஷை டப்பாவில் போட்டார்.

"வாங்க" என்றார்.

"பெயிண்ட் எவ்வளவு நேரத்துல காயும்ணே?" என்று கேட்டான் ஹாரன்.

"விளக்கு வச்சா சீக்கிரம் காஞ்சுடும்."

"காலிப்பர்ல அடிச்சாலும் அவ்வளவு சீக்கிரமா?"

பம்புக்காரர் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் தேடினார்.

மேடம் ஒரு பம்பின் மேல் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு ஒரு சந்தேகம். இன்னைக்கு அந்த மெக்கானிக் சொன்னான், பிரேக்குல காத்து எடுக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணுமாம். ஒருத்தர் கீழே திருகைத் தளர்த்தணும். இன்னொருத்தர் உள்ளே உக்காந்து பெடலை மிதிக்கணும். தனி ஆளா செய்ய வேற கருவி வேணும், அது உங்க கடைல இல்லை. செத்தவர் ஒரு ஆள். இன்னொரு ஆள் யாரு?"

பம்புக்காரர் குழியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான்தான்மா மிதிச்சேன்."

ஹாரனின் கை தானாக அவர் சட்டையைப் பிடித்தது. எத்தனையோ நாளாக மரத்துக் கிடந்த உடம்பில் முதலில் திரும்பி வந்தது கோபம்தான். "அவ செஞ்ச வேலை மேல நம்பிக்கை இல்லைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பிரிச்சு மாட்டினீங்களா? ஒழுங்கா இருந்ததைக் கெடுத்துட்டு, ஊர் முழுக்க அவளைத் தூத்தும்போது மௌனச் சாமியார் வேஷமா? அவ இன்னைக்கு சாயங்காலம் கொலைகாரின்னு கையெழுத்துப் போடப் போறா, தெரியுமா?"

"நம்பிக்கை இல்லாம இல்லை தம்பி."

"பின்னே?"

"அவ பார்க்கிற வீடியோல வர்ற வண்டிக்கெல்லாம் காலிப்பர் சிவப்பா இருக்குமாம். 'பார்க்கவே அழகா இருக்குங்க'ன்னு சொன்னாளாம். அவன் என்கிட்ட வந்து நின்னு, 'அண்ணா, அவ மட்டும் இவ்வளவு செஞ்சா, நான் ஒரு டார்ச் பிடிச்சேன். என் பங்குக்கு ஒண்ணு செய்யணும். உன்கிட்டதான் சிவப்பு இருக்கே'ன்னான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே அடிச்சுத் தர்றேன்டான்னேன். கேக்கலை. எல்லாத்தையும் அவன் கையாலதான் செய்யணுமாம். கழட்டினான், தேய்ச்சான், அடிச்சான், அந்தக் கம்பியிலதான் மாட்டினான். சிரிச்சுக்கிட்டே இருந்தான். திருப்பி மாட்டும்போது எது எந்தப் பக்கம்னு எவனுக்குத் தெரிஞ்சது? ரெண்டும் ஒண்ணா இருந்தது."

ஹாரனின் பிடி தளர்ந்தது.

"பெடல் எப்படி இருந்தது?" என்றார் மேடம்.

"பஞ்சு மாதிரி இருந்தது. 'என்னடா இப்படி அமுங்குது'ன்னேன். 'புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், நாலு தடவை மிதிச்சா சரியாயிடும்'னான். நாலு தடவை மிதிச்சேன். கொஞ்சம் கெட்டியாச்சு. சரின்னு விட்டுட்டேன்." அவர் சுற்றி இருந்த பம்புகளைக் கையால் காட்டினார். "பம்புக்குள்ள காத்து நின்னா தண்ணி ஏறாதுன்னு தினமும் ஊருக்கே சொல்றவன் நான். என் காலுக்கு அடியில காத்து இருக்கு, எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்றதே பொய். தெரிஞ்சது. அவன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அவகிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? முதல் நாள் சொல்ல வாயெடுத்தேன், கூட்டமா இருந்தாங்க. அதுக்குள்ள எல்லாரும் அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டாம் நாள் சொன்னா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. அப்படியே போயிடுச்சு. நான் ஒரு கோழை, அவ்வளவுதான்."

மேடம் எழுந்தார். "சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. நேரமாகுது."

நிலையத்துக்குள் நுழைந்தபோது தங்கை ஏற்கெனவே இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. எதிரே தாள். பம்புக்காரர் அவளைப் பார்க்கத் திராணி இல்லாமல் கதவருகே நின்றார். மேடம் இன்ஸ்பெக்டரிடம் சுருக்கமாக, தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கீழே போன திருகு, மேலே வழிந்த பெயிண்ட், கட்டிலடியில் சீல் வைத்த ஸ்டாண்ட், பெடலை மிதித்த கால். பம்புக்காரர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் தாளை இழுத்து எடுத்து இரண்டாகக் கிழித்தார். "நல்ல வேளைம்மா. அண்ணன் வராம இருந்திருந்தா நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை. நீங்க செஞ்ச வேலை சுத்தமான வேலை. எழுந்து வீட்டுக்குப் போகலாம்."

ஹாரனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சிரிக்க வேண்டும் போல, அழ வேண்டும் போல இருந்தது. "கேட்டியாம்மா? நீ இல்லை! நீ இல்லவே இல்லை!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அவள் பம்புக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் சிவப்பா அடிச்சாரா, பெரியத்தான்?"

"ஆமாம்மா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னான். நீயே பார்த்துக் கண்டுபிடிக்கணுமாம்."

அவள் கிழிந்த தாளைப் பார்த்தாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலையில கீழேருந்து கூப்பிட்டார். பாப்பாவுக்கு ஜடை பின்னிக்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்துல குந்தி உக்காந்துக்கிட்டு 'வா வா'ன்னு கையைக் காட்டினார். என்னங்கன்னு கேட்டேன். 'இறங்கி வந்து பாரேன், ஒரே நிமிஷம்'னார். ஒரு பக்கம்தான் பின்னி முடிச்சிருந்தேன். ஸ்கூல் வேன் வர்ற நேரம். 'சாயங்காலம் பார்க்கறேன், கிளம்புங்க'ன்னேன்."

"இறங்கிப் போயிருந்தா பார்த்திருப்பேன். சிவப்பைப் பார்த்திருப்பேன், அதுக்குக் கீழே திருகையும் பார்த்திருப்பேன். எனக்குத் தெரியும்ண்ணா, அது மேலேதான் இருக்கணும்னு. வண்டியை எடுக்க விட்டிருக்க மாட்டேன்." அவள் முகம் முதன்முறையாகக் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதை அவள் துடைக்கவில்லை. மேஜை மேல் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"இதை எங்கே எழுதணும் சார்?"

"இதெல்லாம் எழுத வேண்டாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இதுக்கு வழக்கு எதுவும் கிடையாது."

ஹாரன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் வாயில் எதுவுமே இல்லை. அவள் பேனாவைக் கீழே வைக்காமல், தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.